கிளவுட் மென்பொருள் ஆவணங்களுக்குப் பங்களிப்பது எப்படி: குபெர்னெட்டிஸ், ஓப்பன்ஸ்டாக் முழு வழிகாட்டி

கன்டெய்னர்களில் (தனித்தனி உறைகளில்) ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு 3 முறை வெளியாகிறது. சொந்தமாகக் கிளவுட் அமைக்க உதவும் ஓப்பன்ஸ்டாக் 6 மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏதாவது ஒரு கட்டளையின் தெரிவு மாறும், ஒரு அமைப்புக்கோப்பின் இடம் மாறும், பழைய வசதி ஒன்று விடைபெறும். நிரலை எழுதியவர்களின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். நிறுவல் வழிகாட்டியை வெற்றுக் கணினியில் முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. அந்த வேலையைச் செய்யப் பொருத்தமானவர் புதிதாக வருபவர்தான். எந்த வரியில் தடுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆவணப் பங்களிப்பு என்றதும் நல்ல ஆங்கிலம் வேண்டும் என்று பலர் ஒதுங்குகிறார்கள். ஆங்கிலத்தை ரிவ்யூவர், அதாவது உங்கள் திருத்தத்தைப் படித்துப் பார்ப்பவர், திருத்திவிடுவார். கட்டளையை ஓட்டிப் பார்த்தீர்களா, எந்தப் பதிப்பில், என்ன விடை வந்தது என்பதை மட்டும் அவரால் உங்களுக்காகச் செய்ய முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சரிபார்ப்பை மையமாக வைத்தே போகிறது.

எந்தத் திட்டத்தில் தொடங்குவது

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் தொடங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு வேறுபட்ட பணிமுறைகளைத் தெரிந்துகொள்வது போதும். மற்ற திட்டங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் சாயலில்தான் இருக்கும்.

குபெர்னெட்டிஸ் ஆவணங்கள் கிட்ஹப்பில், 'வெப்சைட்' என்ற தனி ரெப்போவில் (கோப்புச் சேமிப்பகத்தில்) இருக்கின்றன. மார்க்டவுனில் எழுதி, ஹியூகோ என்ற கருவியால் தளமாக மாற்றுகிறார்கள். திருத்தம் புல் ரிக்வெஸ்டாக, அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளாகப் போகும்.

ஓப்பன்ஸ்டாக் 2010இல் ரேக்ஸ்பேஸும் நாசாவும் சேர்ந்து தொடங்கியது. அதன் ஆவணங்கள் ஆர்எஸ்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் எழுதப்பட்டு, ஸ்பிங்க்ஸால் பக்கங்களாகின்றன. ரிவ்யூ நடப்பது கெரிட் என்ற தனித் தளத்தில். கிட்ஹப்பில் இருப்பது வெறும் நகல். அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டால் அது தானாகவே மூடப்பட்டுவிடும். இன்னொன்று: 2017இல் ஆவணங்களின் பெரும்பகுதி மைய ரெப்போவிலிருந்து அந்தந்தத் திட்டத்தின் ரெப்போவுக்கே நகர்ந்தது. ஆகவே ஓப்பன்ஸ்டாக்கின் உட்திட்டங்களில் ஒன்றான நோவாவின் ஆவணம் நோவாவின் நிரலோடு, 'டாக்' கோப்புறைக்குள் 'சோர்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மைய ரெப்போவில் தேடுபவர்கள் இங்கேதான் நேரத்தை இழக்கிறார்கள்.

கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் என்ற கருவியில் பழக்கம் அதிகம் இல்லாதவர்களுக்குக் குபெர்னெட்டிஸ் எளிது. பக்கத்தின் ஓரத்திலுள்ள திருத்து இணைப்பைத் தொட்டு உலாவியிலேயே முதல் மாற்றத்தை அனுப்பிவிடலாம்.

முதல் திருத்தத்துக்கு எதை எடுப்பது

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிள் உள்ள இஷ்யூக்களை (பதிவான பிழைகளை, கோரிக்கைகளை) தேடுங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். தேடலாம், தவறில்லை. ஆனால் பிரபலமான திட்டங்களில் அவை வந்த சில மணி நேரத்திலேயே யாராவது எடுத்துவிடுவார்கள். எழுத்துப்பிழை வேட்டையும் நீண்ட நாள் ஓடாது. ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றும் பேட்சையும் (அனுப்பும் திருத்தத்தையும்) இரண்டு பேர் படித்து ஒப்புதல் தரவேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை.

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. ஒரு நிறுவல் பக்கத்தையோ பயிற்சிப் பக்கத்தையோ எடுத்து, வெற்றுக் கணினியில் எழுத்துப் பிசகாமல் செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததை வைத்து இடைவெளியை நிரப்பாதீர்கள். பக்கத்தில் சொல்லியிருப்பதை மட்டும் செய்யுங்கள். எங்கே நின்றுவிடுகிறீர்களோ அதுவே உங்கள் முதல் பேட்ச். பெரும்பாலும் தடுப்பது இவைதான்: முன்தேவையாக ஒரு தொகுப்பு வேண்டும் என்று சொல்லாமல் விட்டது, நிர்வாகி உரிமை வேண்டிய கட்டளைக்கு அதைச் சொல்லாதது, மாதிரி விடையும் உண்மையான விடையும் ஒத்துப்போகாதது, மூன்றாம் படியில் உருவாக்கிய பெயரை ஆறாம் படியில் வேறு பெயரால் அழைப்பது.

எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. தானாக உருவாகும் பக்கங்களை நேரடியாகத் தொடாதீர்கள். குபெர்னெட்டிஸின் ஏபிஐ குறிப்புப் பக்கங்களும் அதை இயக்கும் கியூப்சிடிஎல் கருவியின் கட்டளைக் குறிப்புகளும் மூல நிரலிலிருந்து பிறக்கின்றன. அங்கே நீங்கள் செய்த திருத்தம் அடுத்த வெளியீட்டில் அழிந்துபோகும். ஓப்பன்ஸ்டாக்கின் அமைப்புத் தெரிவுப் பட்டியல்களும் அப்படியே. அவற்றின் விளக்கம் பைத்தான் நிரலுக்குள் ஒவ்வொரு தெரிவோடும் எழுதப்பட்ட உதவிக் குறிப்பிலிருந்து வருகிறது. பிழை அங்கே இருந்தால் திருத்தமும் அங்கேதான். இதை அறிந்து மூல நிரலின் உதவிக் குறிப்பைத் திருத்தி அனுப்பும் புதியவரை ரிவ்யூவர்கள் சீக்கிரம் கவனிப்பார்கள்.

ஏற்கெனவே யாராவது அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்களா என்றும் திறந்திருக்கும் பேட்சுகளில் தேடிப் பாருங்கள். குபெர்னெட்டிஸில் இஷ்யூவை எடுத்துக்கொள்வதாக அறிவிக்க, அதன் கருத்துப் பெட்டியில் '/அசைன்' என்ற பாட் (தானியங்கி நிரல்) கட்டளையைத் தனி வரியில் இடவேண்டும்.

கணக்கு, ஒப்பந்தம், மின்னஞ்சல்

புதியவர்களின் முதல் பேட்ச் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது உள்ளடக்கம் அல்ல, மின்னஞ்சல் முகவரி.

குபெர்னெட்டிஸுக்கு, அதைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் ஈஸிசிஎல்ஏ என்ற பாட் இணைப்புத் தரும். தனிநபராகவா, நிறுவனத்தின் சார்பிலா என்று கேட்கும். வேலை நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதுகிறீர்கள் என்றால் நிறுவன ஒப்பந்தமே பொருந்தும்; அதற்கு உங்கள் நிறுவனத்தில் பொறுப்பானவர் உங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அதற்குச் சில நாட்கள் ஆகலாம். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கையொப்பமிட்ட பிறகும் பாட் மறுத்தால், கமிட்டில் (கிட்டில் பதிவு செய்த மாற்றத்தில்) இருக்கும் மின்னஞ்சல் உங்கள் கிட்ஹப் கணக்கில் இணைக்கப்படாத ஒன்றாக இருக்கும். கிட் கன்ஃபிக்கில் சரியான முகவரியைப் பதியுங்கள். பிறகு கடைசிக் கமிட்டை 'அமெண்ட்' செய்யும்போது (அதையே மாற்றி எழுதும்போது) 'ரீசெட் ஆத்தர்' என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் அமெண்ட் போதாது. அது பழைய ஆசிரியர் முகவரியை அப்படியே வைத்துக்கொள்ளும். மீண்டும் புஷ் செய்துவிட்டு (தளத்துக்கு அனுப்பிவிட்டு) '/ஈஸிசிஎல்ஏ' என்று கருத்திட்டால் பாட் மறுபடி சோதிக்கும்.

ஓப்பன்ஸ்டாக்கில் உபுண்டு ஒன் கணக்கால் கெரிட்டுக்குள் நுழைந்து, பயனர்பெயர் அமைத்து, பாதுகாப்பான இணைப்பில் உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் பொதுச் சாவியை ஏற்றவேண்டும். முன்பு இங்கும் ஒப்பந்தக் கையொப்பம் இருந்தது. 2025 முதல் அதற்குப் பதிலாக ஒவ்வொரு கமிட்டிலும் 'சைன்ட் ஆஃப் பை' வரி வேண்டும். கமிட் கட்டளையோடு சின்ன எஸ் தெரிவைக் கொடுத்தால் அந்த வரி தானாகச் சேரும். பெரிய எஸ் வேறு வேலை செய்யும். அது மறைகுறிச் சாவியால் கையொப்பமிடுவது.

சோதிக்க ஒரு கணினி

குபெர்னெட்டிஸ் பக்கங்களைச் சோதிக்க, அதை ஒரே கணினியில் ஓட்டித் தரும் மினிகியூப் போதும். 2 சிபியு, 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் ஆகியவை அதன் குறைந்தபட்சத் தேவை. பல கணுக்கள் (ஒன்றாக இயங்கும் கணினிகள்) வேண்டுமென்றால் கைண்ட் என்ற கருவி கன்டெய்னர்களையே கணுக்களாக ஓட்டும்.

ஓப்பன்ஸ்டாக்குக்கு, அதைச் சோதனைக்காக நிறுவித் தரும் டெவ்ஸ்டாக். இதை உங்கள் சொந்த மடிக்கணினியின் இயங்குதளத்தில் நேரடியாக ஓட்டவே கூடாது. அது தொகுப்புகளை மாற்றும், பிணைய அமைப்பை மாற்றும், சேவைகளைப் பதியும். திரும்பப் பழையபடி ஆக்குவது கடினம். 8 ஜிபி நினைவகம் ஒதுக்கிய மெய்நிகர் கணினி ஒன்றில் ஓட்டுங்கள், தொடங்கும் முன் அதன் நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 'வெற்றுக் கணினி' என்று மேலே சொன்னது இதற்காகத்தான்: ஒவ்வொரு சோதனைக்கும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால்தான், முந்தைய முயற்சியில் நிறுவியது இந்த முறை உங்களை ஏமாற்றாது.

குபெர்னெட்டிஸ் வழி

1. வெப்சைட் ரெப்போவை உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து (நகலெடுத்து), அந்த ஃபோர்க்கை உங்கள் கணினிக்குக் குளோன் செய்யுங்கள். ரெப்போ பெரியது, 'டெப்த் 1' என்ற தெரிவு வரலாற்றை விட்டுவிட்டு வேகமாக இறக்கும்.
2. மூல ரெப்போவை 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் ரிமோட்டாக (தொலை மூலமாக) சேர்த்துக்கொள்ளுங்கள்.
3. அப்ஸ்ட்ரீமை ஃபெட்ச் செய்து, அதன் முதன்மைக் கிளையான மெயினிலிருந்து புதிய பிரான்ச் (கிளை) உருவாக்குங்கள். இப்போது வெளியாகியிருக்கும் பதிப்புக்கான திருத்தம் மெயினுக்குப் போகும். இனி வரப்போகும் வசதியைப் பற்றியது என்றால் 'டெவ்' என்று தொடங்கி அந்தப் பதிப்பெண்ணில் முடியும் பிரான்ச்சிலிருந்து கிளம்புங்கள்.
4. பக்கத்தைத் திருத்துங்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு மொழியின் பக்கங்கள் மட்டுமே இருக்கவேண்டும். ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்பையும் கலக்காதீர்கள்.
5. ரெப்போவின் வேரிலிருந்து 'மேக் கன்டெய்னர் சர்வ்' என்று ஓட்டினால் 1313 என்ற போர்ட்டில் தளம் உள்ளூரில் திறக்கும். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் அல்லது பாட்மேன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கன்டெய்னர் இல்லாமல் ஓட்டுவதானால் ஹியூகோவின் 'எக்ஸ்டெண்டட்' பதிப்பு தேவை. எந்தப் பதிப்பெண் என்பது, தளத்தைக் கட்டி வெளியிடும் நெட்லிஃபை சேவையின் அமைப்புக்கோப்பில் எழுதியிருக்கும். வேறு எண்ணோடு முயன்றால் வார்ப்புருப் பிழைகள் கொட்டும்.
6. கமிட் செய்து, உங்கள் ஃபோர்க்குக்குப் புஷ் செய்து, புல் ரிக்வெஸ்ட் திறங்கள்.

மூன்றாம் படியைத் தவறவிட்டு, உங்கள் ஃபோர்க்கின் மெயினிலேயே நேரடியாக வேலை செய்வது மிகச் சாதாரணமான சறுக்கல். முதல் பேட்சுக்கு எதுவும் ஆகாது. இரண்டாவதைத் தொடங்கும்போதுதான் முதல் பேட்சின் கமிட்டுகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

எந்த இஷ்யூவை முடிக்கிறது என்பதைப் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் எழுதுங்கள், கமிட் செய்தியில் எழுதாதீர்கள். 'ஃபிக்ஸஸ்' என்ற சொல்லோடு இஷ்யூ எண்ணோ, அட் குறியோடு யாருடைய பெயரோ கமிட் செய்தியில் இருந்தால், செய்தி செல்லாது என்று பாட் தடை லேபிள் ஒட்டிவிடும். அந்தக் கமிட் எத்தனை ஃபோர்க்குகளில் நகர்ந்தாலும் அத்தனை முறையும் அவருக்கு அறிவிப்புப் போகும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

'நீட்ஸ் ஓகே டு டெஸ்ட்' என்று ஒரு லேபிள் விழுந்தால் பதற வேண்டாம். அமைப்பின் உறுப்பினர் அல்லாதவரின் புல் ரிக்வெஸ்டில் தானியங்கிச் சோதனைகள் உடனே ஓடுவதில்லை. உறுப்பினர் ஒருவர் அனுமதி தந்ததும் ஓடும். அதுவரை நெட்லிஃபை உருவாக்கும் முன்னோட்டத்தைத் திறந்து உங்கள் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த முன்னோட்ட இணைப்பை விளக்கத்தில் ஒட்டினால் ரிவ்யூவருக்கு ஒரு வேலை மிச்சம்.

ஓப்பன்ஸ்டாக் வழி

இங்கே பழக வேண்டியது ஒரே ஒரு கருத்து: ஒரு கமிட் என்பது ஒரு மாற்றம். ரிவ்யூவில் திருத்தச் சொன்னால் புதிய கமிட் சேர்ப்பதில்லை. இருக்கும் கமிட்டையே அமெண்ட் செய்து மறுபடி அனுப்பவேண்டும். கிட்ஹப் பழக்கத்தில் இரண்டாவது கமிட் போட்டு அனுப்பினால், கெரிட்டில் ஒன்றன்மேல் ஒன்று சார்ந்த இரண்டு தனி மாற்றங்களாக அவை நிற்கும்.

முதலில் 'கிட் ரிவ்யூ' என்ற கருவியை நிறுவி, திட்டத்தைக் குளோன் செய்து, அதன் கோப்புறைக்குள் அந்தக் கட்டளையைச் சின்ன எஸ் தெரிவோடு ஒருமுறை ஓட்டுங்கள். அது கெரிட்டோடு இணைப்பை ஏற்படுத்தி, கமிட் கொக்கி (ஒவ்வொரு கமிட்டின்போதும் தானாக ஓடும் சிறு நிரல்) ஒன்றையும் பதிக்கும். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் கெரிட் பயனர்பெயரும் உங்கள் கணினியின் பயனர்பெயரும் வேறாக இருக்கலாம், அல்லது சாவி ஏற்றப்படாமல் இருக்கலாம். பதிலே இல்லாமல் தொங்கினால் பிணையத்தைச் சந்தேகியுங்கள்: கெரிட் 29418 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது, பல அலுவலகப் பிணையங்கள் அதை அடைத்துவைத்திருக்கும். எச்டிடிபிஎஸ் வழியாக, கெரிட் அமைப்புப் பக்கத்தில் உருவாக்கும் கடவுச்சொல்லோடு அனுப்பலாம்.

அந்தக் கொக்கிதான் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் 'சேஞ்ச் ஐடி' வரியைச் சேர்க்கிறது. அமெண்ட் செய்யும்போது அந்த வரியைத் தொடாதீர்கள். அழித்துவிட்டால் புதிய எண் பிறந்து, பழைய ரிவ்யூ உரையாடல் அநாதையாகக் கிடக்கும்.

கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, உடல்பகுதி வரிகள் 72 எழுத்துக்குள். என்ன மாற்றினீர்கள் என்பது மாற்றத்திலேயே தெரியும். ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். பிழைகளைப் பதியும் லாஞ்ச்பேட் தளத்தில் உள்ள ஒரு பிழையை முழுதாக முடித்தால் 'குளோசஸ் பக்', ஒரு பகுதியை மட்டும் தீர்த்தால் 'பார்ஷியல் பக்', தொடர்பு மட்டும் என்றால் 'ரிலேட்டட் பக்' என்ற தலைப்போடு பிழை எண்ணைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். பாதி தீர்வுக்குக் 'குளோசஸ்' போட்டால், மீதிப் பாதியும் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.

அனுப்பும் முன் டாக்ஸ் (tox) என்ற கருவியில் ஆவணச் சூழலை ஓட்டி உள்ளூரில் கட்டிப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் எச்சரிக்கைகளும் பிழைகளாகவே எண்ணப்படும். ஒரே ஒரு எச்சரிக்கை இருந்தாலும் சோதனை தோற்கும். அடிக்கடி வருபவை: தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருப்பது, நிரல்பகுதிக்கு முன் வெற்று வரி இல்லாதது, உள்ளே தள்ளுவதற்கு இடைவெளிக்குப் பதில் டேப் இட்டது, புதிய பக்கத்தை எந்த உள்ளடக்கப் பட்டியலிலும் சேர்க்காமல் விட்டது, 79 எழுத்தைத் தாண்டிய வரி. மார்க்டவுனிலிருந்து வருபவர்கள் கட்டளைப் பெயரைச் சுற்றி ஒற்றைப் பேக்டிக் (`) போடுவார்கள். ஆர்எஸ்டியில் நிரல் எழுத்துக்கு இரட்டைப் பேக்டிக். ஒற்றை போட்டால் பிழை எதுவும் வராது, பக்கத்தில் சாய்வெழுத்தாக மட்டும் தெரியும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

எல்லாம் சரியென்றால் 'கிட் ரிவ்யூ' என்று மட்டும் ஓட்டுங்கள். சூல் என்ற தானியங்கி ஆவணத்தைக் கட்டி, வெரிஃபைட் +1 அல்லது -1 இடும். அதன் முடிவுப் பக்கத்தில் கட்டப்பட்ட ஆவணத்தின் முன்னோட்டமும் கிடைக்கும். தோல்வி உங்கள் மாற்றத்தால் அல்ல, பிணையம் அறுந்தது போன்ற புறக்காரணத்தால் என்று பதிவைப் படித்து உறுதிசெய்த பிறகே 'ரீசெக்' என்று கருத்திடுங்கள், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். படிக்காமலே ரீசெக் இடுவது எல்லோருக்கும் பொதுவான கணினி வளத்தை வீணடிப்பது. அதை ரிவ்யூவர்கள் கவனிக்கிறார்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு திட்டத்துக்கும் நடைக் கையேடு உண்டு. முழுதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் இவற்றை மனதில் வையுங்கள்: நிகழ்காலத்தில் எழுதுங்கள், வாசகரை 'நீங்கள்' என்று நேரடியாகக் கூப்பிடுங்கள், 'நாம்' வேண்டாம், 'சுலபமாக', 'வெறுமனே' போன்ற சொற்களைத் தவிருங்கள், சிக்கிக்கொண்டவரை அவை எரிச்சலூட்டும். 'தற்போது', 'புதிய' என்பவையும் ஆபத்தானவை. ஓராண்டுக்குப் பிறகு அவை எதைக் குறிக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பதிப்பெண்ணைச் சொல்லிவிடுங்கள்.

குபெர்னெட்டிஸ் பக்கங்களில் கட்டளைக்கு முன் டாலர் குறி போடக் கூடாது, நகலெடுத்து ஒட்டுபவருக்கு அது இடைஞ்சல். கட்டளையும் அதன் விடையும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கவேண்டும். எண்ணிட்ட படிக்குள் வரும் நிரல்பகுதியை அந்தப் படியின் உரை தொடங்கும் இடம் வரை உள்ளே தள்ளாவிட்டால் எண்கள் மறுபடி 1இலிருந்து தொடங்கும். முன்னோட்டத்தில் இதை முதலில் பாருங்கள்.

தலைப்பை மாற்றுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் தலைப்பிலிருந்துதான் பக்கத்தின் உள்இணைப்பு முகவரி உருவாகிறது. தலைப்பு மாறினால் உலகெங்கும் இருக்கும் இணைப்புகள் பக்கத்தின் தலையில் வந்து விழும். குபெர்னெட்டிஸில் பழைய முகவரியைத் தலைப்பின் முடிவில் வெளிப்படையாகக் குறித்துக் காப்பாற்றலாம். பக்கத்தையே இடம் மாற்றினால் திருப்பிவிடும் விதியும் அதே பேட்சில் இருக்கவேண்டும்.

வேறு நிறுவனத்தின் பக்கத்திலிருந்தோ வலைப்பதிவிலிருந்தோ பத்திகளை எடுத்து ஒட்டாதீர்கள். இந்த ஆவணங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமங்களில் வெளியாகின்றன. உங்களுக்கு உரிமையில்லாததை அந்த உரிமத்தில் தர உங்களால் முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதியதற்கும் திட்டங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அந்தக் கருவிகள் இல்லாத தெரிவுகளைக் கட்டளைகளில் புகுத்துவது வழக்கம். ஓட்டிப் பார்க்காத கட்டளை உங்கள் பெயரில் போகக்கூடாது.

பேட்சின் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்தியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு எடிட்டர் முழுப் பத்தியையும் மறுபடி மடித்துவிட்டால், மாற்றம் பத்து வரியாகத் தெரியும். உண்மையான திருத்தத்தைத் தேடுவது ரிவ்யூவருக்கு வைக்கோற்போரில் ஊசி. விண்டோஸ் வரிமுடிவுகள் கலந்தால் கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டும். கமிட் செய்யும் முன் 'கிட் டிஃப்' பார்க்கும் பழக்கம் இரண்டையும் பிடித்துவிடும்.

ரிவ்யூவில் நடப்பது

குபெர்னெட்டிஸில் ஒருவர் 'எல்ஜிடிஎம்' ('எனக்குச் சரியாகத் தெரிகிறது' என்பதன் சுருக்கம்) தரவேண்டும், ஒப்புதல் அதிகாரம் உள்ளவர் 'அப்ரூவ்' தரவேண்டும்; இரண்டும் வந்து, தடை லேபிள் எதுவும் இல்லையென்றால் பாட் தானாக இணைக்கும். எல்ஜிடிஎம் கிடைத்த பிறகு நீங்கள் புதிதாக ஏதாவது புஷ் செய்தால் அந்த லேபிள் பறிபோகும், மறுபடி கேட்கவேண்டும். ஆகவே கடைசி நேர அழகுபடுத்தலை அடக்கிக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்டாக்கில் கோர் ரிவ்யூவர்களின் (ஒப்புதல் அதிகாரம் உள்ளவர்களின்) கோட் ரிவ்யூ +2, அதன்பின் வொர்க்ஃப்ளோ +1; பிறகு சூல் இன்னொரு முறை சோதித்து இணைக்கும்.

-1 என்பது நிராகரிப்பு அல்ல, 'இன்னொரு பதிப்பு அனுப்புங்கள்' என்பதுதான். ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதுங்கள்: செய்துவிட்டேன், அல்லது இந்தக் காரணத்தால் செய்யவில்லை. பதிலில்லாமல் புதிய பதிப்பு மட்டும் வந்தால், ரிவ்யூவர் ஒவ்வொரு புள்ளியையும் தானே தேடிப் பொருத்த வேண்டியிருக்கும். பலர் அதைத் தள்ளிப்போடுவார்கள்.

யாரும் பார்க்கவில்லையென்றால் ஒரு வாரம் பொறுத்துவிட்டு, குபெர்னெட்டிஸ் ஸ்லாக்கில் சிக் டாக்ஸ் (ஆவணக் குழு) சேனலிலோ ஓப்பன்ஸ்டாக் திட்டத்தின் ஐஆர்சி சேனலிலோ இணைப்போடு ஒரு வரி கேளுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் மூழ்கியிருப்பார்கள். அப்போது அனுப்பிய பேட்ச் நாட்கணக்கில் கிடப்பது இயல்பு. குபெர்னெட்டிஸில் 90 நாள் அசைவில்லாமல் கிடந்தால் 'ஸ்டேல்' லேபிள் விழும், அதன்பின் 30 நாளில் 'ராட்டன்', மேலும் 30 நாளில் மூடப்படும். 'ரிமூவ் லைஃப்சைக்கிள்' கட்டளையால் கடிகாரத்தைத் திருப்பலாம், மூடிய பின்னும் மறுபடி திறக்கலாம்.

முதல் சில பேட்சுகள் இணைந்த பிறகு

ஓப்பன்ஸ்டாக்கில் பழைய பதிப்பின் ஆவணத்திலும் அதே பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதன்மைப் பிரான்ச்சில் இணைந்த மாற்றத்தைக் கெரிட்டிலிருந்தே 'செர்ரி பிக்' செய்து (அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நகலெடுத்து) நிலைப்பதிப்புப் பிரான்ச்சுக்கு அனுப்பலாம். குபெர்னெட்டிஸ் தளத்தில் பழைய பதிப்புகளின் பக்கங்கள் பொதுவாக உறைந்தவை. அங்கே முயல வேண்டாம்.

குபெர்னெட்டிஸ் அமைப்பில் உறுப்பினராக, ஏற்கெனவே செயல்படும் இரண்டு பேர் உங்களுக்காகப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் பேட்சுகளை ரிவ்யூ செய்தவர்களிடமே கேட்பது வழக்கம். ரிவ்யூ செய்வதற்கு இந்த உறுப்பினர் நிலைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஓப்பன்ஸ்டாக்கிலும், கெரிட்டில் கணக்கு உள்ள எவரும் முதல் நாளிலிருந்தே +1 அல்லது -1 இடலாம். இன்னொருவரின் நிறுவல் வழிகாட்டித் திருத்தத்தை உங்கள் மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்து, இயங்குதளப் பதிப்பையும் எந்தப் படி வரை சரியாக வந்தது என்பதையும் எழுதி ஓட்டளித்தால், காரணம் எழுதாத பத்து ஒப்புதல்களைவிட அந்த ஒரு +1ஐக் கோர் ரிவ்யூவர்கள் அதிகம் நம்புவார்கள்.